வெண்களிவர்மன் வீழ்ந்த விதம்

வெண்களிவர்மச் சக்கரவர்த்தி பட்டத்து யானை மேலிருந்து சாய்ந்தார். பாலில் விஷம். கலந்து கொடுத்தது வேறு யாருமில்லை, பட்டத்து ராணி தங்கமாதேவியேதான்.

மணிமுத்தாற்றின் இரண்டு கரையையும் முந்நூறு ஆண்டு ஒரே குடையின்கீழ் ஆண்ட பேரரசு அத்தோடு சரிந்தது. இதை எழுதி முடித்த சாமிக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. பேனாவை வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கலங்க வேண்டிய அவசியமே இல்லை. அப்படி ஒரு சக்கரவர்த்தி பூமியில் பிறக்கவே இல்லை. முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் சாமிக்கண்ணுவுக்கே அவரைத் தெரியாது.

எழுபத்தொன்றாம் வருஷத்து எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு, வரலாற்றுத் தாள். 'ஏதேனும் ஒரு பேரரசின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் விவரி' என்று இருபது மார்க்குக்குக் கேட்டிருந்தார்கள். முப்பத்தெட்டு வயதில் 'அ'னா போடப் பழகியவர் சாமிக்கண்ணு. பகலெல்லாம் பீங்கான் அடுக்கிய பெட்டியைச் சூளைக்குச் சுமந்துவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தால், பல்லவர் வருவதற்குள் தூக்கம் வந்துவிடும். சோழர் வரைக்கும் அவர் போனதே இல்லை.

ஆனால் தேறியே ஆக வேண்டும். எட்டாவது பாஸானால் பீங்கான் கம்பெனியில் தரம் பிரிக்கிற பகுதிக்கு மாற்றுவார்கள். ஜாடியைத் தட்டிப் பார்த்து, விரிசல் உண்டா இல்லையா என்று சொல்கிற வேலை. உட்கார நாற்காலி உண்டு. இடுப்பு போன ஆளுக்கு அதுதான் சிம்மாசனம். நாற்பத்தைந்து வயது தாண்டினால் அதுவும் கிடையாது. இவருக்கு நாற்பத்து நாலு.

அதனால், ஆரம்ப காலத்தில் களிமண் மிதித்துப் பழகிய மனுஷன் ஒரு சாம்ராஜ்யத்தையே மிதித்துப் பிசைந்துவிட்டார். ராஜாவுக்குக் கம்பெனி வெள்ளைக் களிமண்ணின் பேர். ராணிக்கு வீட்டுக்காரி தங்கம்மாள் பேர்.

"அண்ணே, தோள கொஞ்சம் எறக்குங்க." பின்னாலிருந்து ஜெயராஜ். அதே சூளையில் பெட்டி தூக்குகிறவன்.

"சும்மா எழுதுடா."

"யாருண்ணே இந்த ராசா? புக்குல பாத்த மாதிரியே இல்லியே?"

"நீ புக்க எப்படா பாத்த?"

ஜெயராஜ் அப்படியே பார்த்து எழுதினான். அவனைப் பார்த்து அடுத்தவன், அவனைப் பார்த்து அதற்கடுத்தவன். சூளைக்குள் பெட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்புகிற ஆட்கள்தானே! சாமிக்கண்ணு விட்ட சாம்ராஜ்யம் ஒரு கீறல் இல்லாமல் பின்னாலிருந்த ஐந்தாவது ஆள் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. எழுத்துப்பிழை மட்டும் அவனவன் சொந்தச் சரக்கு. மேற்பார்வையாளர் வாசலில் நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

சாமிக்கண்ணு எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தார். விஷம் வைக்கிற இடம் வந்ததும் நெஞ்சில் குத்தியது. காலையில் தங்கம்மாள் தெருமுனை வரைக்கும் கூட வந்தாள். "பதறாம எழுதிட்டு வாங்க. இந்த இடுப்ப வச்சிக்கினு இனிமே பெட்டி தூக்க வாணாம்" என்று சொல்லி அனுப்பினாள். அவள் பேரை வைத்துக்கொண்டா கொலை பண்ணச் சொல்வது?

பின்னால் ஐந்து பேரும் தாளை அடுக்கி நூல் கட்டிக்கொண்டிருந்தார்கள். சாமிக்கண்ணு கடைசிப் பத்தியை அடித்தார். ஆற்றில் வெள்ளம் வந்தது, கோட்டை கரைந்தது, ராணி தங்கமாதேவி ராஜாவின் கையை விடாமல் பிடித்தபடியே வெள்ளத்தோடு போனாள் என்று மாற்றி எழுதினார். மனசு லேசாகிவிட்டது.

முடிவு வந்தது. ஐந்து பேர் பாஸ். சாமிக்கண்ணு மட்டும் ஃபெயில். வரலாற்றில் நாலு மார்க் குறைவு.

"இன்னாண்ணே, எங்களையெல்லாம் கரையேத்திட்டு நீங்க கோட்ட வுட்டுட்டீங்களே!" நாற்காலியில் உட்கார்ந்து ஜாடி தட்டிக்கொண்டே ஜெயராஜ் உச்சுக்கொட்டினான். சாமிக்கண்ணு தலையில் பெட்டியோடு நின்று கேட்டுக்கொண்டார்.

அவருக்குப் புரிந்துபோயிற்று. பொய் பிடிபட்டுவிட்டது. சாம்ராஜ்யத்தை உண்டாக்கினவன் யார் என்று மோப்பம் பிடித்து, அவனை மட்டும் தள்ளியிருக்கிறார்கள். நாளைக்கு மற்ற ஐந்து பேர் நாற்காலிக்கும் ஆபத்து வரலாம். நாமே போய் ஒப்புக்கொள்வோம் என்று, சாயங்கால வகுப்பு எடுத்த வாத்தியாரைத் தேடிப் போனார்.

"சார், அந்த வெண்களிவர்மன் விஷயமா..."

"அதத்தான் நானே சொல்லணும்னு இருந்தேன். திருத்துனவரு எனக்குத் தெரிஞ்சவரு, கேட்டுட்டேன்."

சாமிக்கண்ணு தோளில் கிடந்த துண்டு தானாக இடுப்புக்கு இறங்கியது. "இன்னா சார் சொன்னாரு?"

"அவரே அப்படி ஒரு பேரரசக் கேள்விப்பட்டதில்லையாம். உங்க ஊருப் பக்கத்து சரித்திரம் போலன்னு, ஆறு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாத்திருக்காரு. அஞ்சு பேரு ராணி விஷம் வச்சதக் கரெக்டா எழுதியிருக்காங்களாம்."

"நானு?"

வாத்தியார் பாவமாகப் பார்த்தார்.

"உங்களுக்குத்தான் சாமிக்கண்ணு, அந்தச் சரித்திரமே சரியாத் தெரியலையாம்."