ஒதுங்கிக் கிடந்த வரிகள்

“ஆரோ ஒராள் நம்பரெல்லாத்தையும் அள்ளுறான் சேர். ஆளைப் பிடிக்காமல் விடமாட்டன்.”

நிவேதனா சொன்ன வேகத்தில் முகாமையாளர் பஞ்சலிங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

சாவகச்சேரியில் ஒரு தனியார் கண் மருத்துவமனை. டொக்டரைப் பார்க்க நம்பர் எடுக்கும் இணையத்தளத்தை நடத்துவது சுன்னாகத்திலுள்ள இவர்களுடைய சின்ன நிறுவனம். காலை ஏழு மணிக்குத் தளம் திறக்கும். அறுபது நம்பர். இரண்டு கிழமையாக, “எங்களுக்குக் கிடைக்குதில்லை, ஆரோ மொத்தமா எடுக்கினம்” என்று நோயாளிகள் மருத்துவமனையில் சத்தம் போடுகிறார்கள்.

“எப்பிடிப் பிடிப்பீர்?”

“லோட் பலன்சரிலை சேர்.”

தளத்துக்கு வருகிறவர்களை இரண்டு சேர்வருக்கும் பிரித்து அனுப்பும் வாசல் அது. எந்த இணைப்பிலிருந்து, எத்தனை மணிக்கு, என்ன கேட்டார்கள், என்ன பதில் போனது என்று ஒவ்வொரு வருகைக்கும் ‘லொக்’ என்று ஒரு வரி அதில் விழும். இதுவரை யாரும் அந்த வரிகளைச் சேர்த்து வைத்ததில்லை.

பக்கத்து மேசைச் சிவகரனுக்கு இது பிடிக்கவில்லை.

“உந்த லொக் வேலை இப்ப என்னத்துக்கு நிவேதனா? அடுத்த மாதம் செய்வம்.”

“ஏன் அண்ணை, இப்ப செய்தால் என்ன?”

அவன் திரைக்குத் திரும்பிவிட்டான்.

இப்போதெல்லாம் அரியாலையிலிருந்து ஆறரைக்கே வந்து ஒபிசைத் திறக்கிறவன் அவன்தான். அதுவும் இரண்டு கிழமையாகத்தான். நிவேதனாவுக்கு அது மனதில் தைத்தது.

இரண்டு நாள் அவள் கதிரையை விட்டு எழும்பவில்லை. வரிகளெல்லாம் ஓரிடத்துக்கு வந்து சேரும்படி செய்தாள். நேரம், இணைப்பு, கேள்வி, பதில் என்று ஒவ்வொரு வரியையும் நாலாகப் பிரிக்க ஒரு விதி எழுதினாள். பிழைத்தது. இன்னொன்று எழுதினாள். அதுவும் பிழைத்தது. சாப்பாட்டுப் பார்சல் பிரிக்காமலே ஆறிப்போனது. மூன்றாவது விதிக்குத்தான் வரிகள் வழிக்கு வந்தன.

வியாழக்கிழமை பார்த்தாள். ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் ஒரே இணைப்பிலிருந்து இருபத்தாறு பதிவுகள்.

அந்த இணைப்பு அவர்களுடைய ஒபிஸ்!

நிவேதனா அதைக் காட்டியதும் பஞ்சலிங்கம் சிவகரனையும் அறைக்குக் கூப்பிட்டார்.

“நீரோ பதிஞ்சது?”

“ஓம் சேர். நான்தான்.”

“ஆருக்கு?”

சிவகரன் நிவேதனா பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

“பின்னேரத்துக்குள்ளை விளக்கக் கடிதம் தாரும். நிவேதனா, நீர் முழு அறிக்கையையும் கொண்டு வாரும். ஒரு வரி விடக்கூடாது.”

ஒரு வரி விடாமல் என்றால், அவளுடைய விதிக்குள் அடங்காமல் ஒதுங்கிக் கிடந்தவையும் இருந்தன. குப்பையென்று அவள் திறந்தே பார்க்காத முப்பத்தெட்டு வரிகள். விதியைக் கொஞ்சம் திருத்தி, அவற்றையும் பிரித்தாள்.

எல்லா வரியிலும் பெயர் தமிழில் இருந்தது. நாகலிங்கம். கமலாவதி. செபமாலை. வேறு வேறு கைபேசிகள். தளம் எல்லாருக்கும் சொன்ன பதில் ஒன்றுதான்: பிழை.

சில நிமிடம் கழித்து அந்தப் பெயர்களில் பல, ஆங்கில எழுத்தில், ஒபிஸ் இணைப்பிலிருந்து பதிவாகியிருந்தன.

பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தால்தான் ஏற்கும்படி தளத்தின் பதிவுப் படிவத்தை மாற்றியவள் நிவேதனாதான். இரண்டு கிழமைக்கு முந்தி.

“அண்ணை, இவையள் உங்களுக்குக் கோல் எடுத்தவையோ?”

“ஓம். தளத்திலை போட்டிருக்கிறது என்ரை மேசை போன் நம்பர்தானே. தமிழிலை பேர் அடிச்சால் பிழை எண்டு வருதாம். நான் பதிஞ்சு குடுத்தன்.”

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!”

“சொன்னால் உடனை திருத்துவீர். ஏன் திருத்தினது எண்டு சேர் கேப்பார். உம்மை வேலையிலை நிரந்தரமாக்கிற கடிதம் அவரின்ரை மேசையிலை கிடக்குது. மாத முடிவிலைதான் கையெழுத்து வைப்பார். அதுவரைக்கும் சமாளிப்பம் எண்டு நினைச்சன்.”

அவள் திரும்பவும் வரிகளைப் பார்த்தாள். பூரணம் என்ற பெயர் நாலு தரம் பிழை வாங்கியிருந்தது. அதற்குப் பிறகு ஆங்கில எழுத்தில் பூரணம் இல்லை.

“கோல் எடுக்காமல் விட்ட ஆக்கள், அண்ணை?”

சிவகரன் மேசைத் தொலைபேசியைப் பார்த்தான்.

படிவத்தைத் திருத்தப் பத்து நிமிடம்தான் போனது. ‘பூரணம்’ என்று தமிழில் அடித்துப் பார்த்தாள். தளம் ஏற்றுக்கொண்டது. அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு பஞ்சலிங்கத்தின் அறைக்குப் போனாள்.

அவர் அவளுடைய நிரந்தர நியமனக் கடிதத்தை முன்னால் வைத்து, பேனையைத் திறந்துகொண்டிருந்தார்.

“வாரும், வாரும். நல்ல வேலை செய்திருக்கிறீர். இதுக்கு மாத முடிவு வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை.”

நிவேதனா அறிக்கையை அந்தக் கடிதத்தின் மேல் வைத்தாள்.

“கையெழுத்து வைக்க முதல் இதை வாசியுங்கோ சேர். விளக்கக் கடிதம் தரவேண்டியது நான்.”