விலை கூடின ஸ்ட்ராப்

"இருக்கறதுலயே விலை கூடினதை எடுத்துப் போடுங்க" என்றாள் அந்தப் பெண்மணி.

கடைக்காரருக்குக் காது குளிர்ந்தது. இருபது வருஷமாக வாட்ச் ஸ்ட்ராப் விற்கிறார். பேரத்தை இந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்த ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

கூட வந்த புருஷன் மட்டும் பல்வலிக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, கையிலிருந்த வாட்சைக் கழற்றிக் கண்ணாடி மேல் வைத்தார். ஜாடி மூடி சைஸுக்கு இருந்தது. உப்புப் பூத்த கறுப்பு ரப்பர் ஸ்ட்ராப்.

"தம்பி, இது முக்குளிக்கிற வாட்ச். நான் கப்பலுக்கு அடியில இறங்கி, ஒட்டியிருக்கிற சிப்பியைச் சுரண்டுற ஆள். இருபத்தாறு வருஷமா இதைக் கட்டாம தண்ணிக்குள்ள இறங்கினதே இல்லை. திங்கக்கிழமை ஒரு பெரிய கப்பல் இருக்கு. இப்பப் போய் இவ..."

"ஞாயித்துக்கிழமை சம்பந்தி வீட்டுக்குப் போகணும். அங்கே வந்து இந்த சைக்கிள் டயரைக் கட்டிக்கிட்டு உக்காருவீங்களா?"

கடைக்காரர் நடுவில் புகுந்தார். "அக்கா, சண்டையே வேண்டாம். ஸ்டீல் செயின் போட்டுடலாம். விசேஷத்துக்கும் ஆகும், தண்ணிக்கும் ஆகும்."

"வேண்டாம்."

"நைலான்? நனைஞ்சாலும் அரை மணியில காஞ்சிடும்."

"வேண்டாம். தோல்."

"அண்ணன் தண்ணியில வேலை பார்க்கறவர்..."

"தோல்னு சொன்னேன்."

கடைக்காரர் தட்டைத் திறந்தார். அவள் மெலிசான ஒன்றைத் தொட்டாள்.

"அது வேண்டாம்க்கா. இந்தத் தடி வாட்சுக்கு அதைப் போட்டா, பயில்வானுக்குக் குச்சிக்கால் வெச்ச மாதிரி இருக்கும். இது பாருங்க. உள்ளே மெத்தை வெச்சு, ஓரத்துல வெள்ளைத் தையல். வாட்ச் முள்ளும் வெள்ளை. சேர்ந்து நிக்கும்."

அடர் பழுப்பு. வைத்துப் பார்த்ததும் அந்த முரட்டு வாட்ச் தலை சீவிவிட்ட பிள்ளை மாதிரி ஆகிவிட்டது.

"இது நனைஞ்சா?" என்றாள்.

"மறந்துட வேண்டியதுதான். ஊறிப்போய் நாத்தம் எடுக்கும். கை கழுவும்போதுகூடக் கழட்டி வெச்சுடணும்."

"இதையே போடுங்க."

புருஷன் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார். "அடிப்பாவி! இதைக் கட்டிக்கிட்டு நான் மழை நாள்ல வாசலுக்குக்கூடப் போக மாட்டேன்!"

"போக வேண்டாம்."

கடைக்காரருக்குள் கொதித்தது. உழைத்துக் கொட்டுகிறவன் ஒருத்தன். அவன் உழைப்பு பிறத்தியார் கண்ணில் படக்கூடாதாம். சம்பந்தி முன்னால் கௌரவமாம். இந்த மாதிரிப் பெண்களை அவருக்குத் தெரியும். ஸ்ட்ராப்பை மாட்டினார்.

அவளுக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே வாசல் பக்கம் நகர்ந்தாள்.

கடைக்காரர் குனிந்தார். "அண்ணே, இங்க பாருங்க. அடியில, ஸ்ட்ராப்பைக் கழட்டறதுக்குச் சின்னதா ஒரு முள்ளு இருக்கா? நகத்தால தள்ளுங்க. வந்துடுச்சா? உங்க ரப்பருக்கும் இதே முள்ளு வெச்சுட்டேன். திங்கக்கிழமை காலையில இதைக் கழட்டி ரப்பரை மாட்டுங்க. சாயங்காலம் கரையேறினதும் தோலை மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போங்க. அக்காவுக்கு எதுக்குத் தெரியணும்?"

பழைய ஸ்ட்ராப்பைக் காகிதத்தில் சுருட்டி அவர் சட்டைப் பையில் திணித்தார்.

"தம்பி, நீ நல்லா இருப்பே!" அந்த மனுஷர் கல்யாண மாப்பிள்ளை கணக்காக வெளியே போய் பைக்கில் உட்கார்ந்தார்.

அவள் திரும்பி வந்து கைப்பையைத் திறந்தாள். கடைக்காரருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அக்கா, வித்தோமா வாங்கினோமான்னு இருக்க எனக்குத் தெரியாது. மனசுல பட்டதைச் சொல்லிடுவேன். புருஷன் செய்யற வேலைக்கு வெக்கப்படலாமா? நீங்க கட்டியிருக்கிற புடவைகூட அவர் மூச்சைப் பிடிச்சு சம்பாதிச்சதுதானே?"

அவள் கோபப்படவில்லை.

"அந்த மூச்சுதான் தம்பி போயிடுச்சு. நுரையீரல் ஒரு பக்கம் செத்துப்போச்சாம். இன்னும் ஒரு தடவை இறங்கினா மேல வர மாட்டார்னு டாக்டர் எழுதியே குடுத்துட்டார். இவர் அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு, திங்கக்கிழமை கப்பலுக்குச் சரின்னு சொல்லிட்டு வந்திருக்கார். அழுது பார்த்தேன். சாப்பிடாமக் கிடந்து பார்த்தேன். கேக்கலை."

"அக்கா..."

"இந்த வாட்ச் இல்லாம அவர் இறங்க மாட்டார். இவ்வளவு விலை குடுத்ததை நனைக்க மனசும் வராது. இன்னொண்ணு வாங்க அந்தக் கஞ்சனுக்குக் கையும் வராது. அதான் தோல்." பணத்தை எடுத்து வைத்தாள். "சம்பந்தி வீட்டுல யாரும் வாட்சையெல்லாம் பார்க்க மாட்டாங்க. அந்தப் பழசைக் குப்பையில போட்டுடுங்க தம்பி."

கடைக்காரர் நிமிர்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பைக்கில் உட்கார்ந்திருந்தவர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டிக் கண்ணடித்தார்.

"ஒரு நிமிஷம் கடையைப் பார்த்துக்குங்கக்கா" என்று சொல்லிவிட்டு, பெற்ற மகனை நம்பிக்கூடக் கல்லாவை விட்டு எழுந்திருக்காத மனுஷர், செருப்பைப் போடாமல் தெருவுக்கு ஓடினார்.