தேவையில்லாத வகுப்பு

“கையை எடு! அது அங்கேயே கிடக்கட்டும்!” என்று அதட்டிய வார்டன், மேசைமேல் கிடந்த ஆணுறைப் பாக்கெட்டைப் பேனா முனையால் தள்ளிவிட்டார். தொட்டாலே நோய் ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொல்லிவைத்தது போல, முகத்தைத் தள்ளியே வைத்திருந்தார்.

எதிரே சக்கர நாற்காலியில் ராக்கெட். கல்லூரியில் கடைசி வருஷம். விடுதி வராண்டாவில் அவன் வண்டியை விரட்டும் வேகத்துக்கு விழுந்த பெயர் அது. இன்றைக்கு மட்டும் அசையாமல் இருந்தான்.

“உன் சீட்டு மெத்தையை உதறினப்ப வாட்ச்மேன் கையில சிக்கியிருக்கு. படிக்க வந்தியா, கூத்தடிக்க வந்தியா?”

“சார், போன மாசம் மாடியில எய்ட்ஸ் விழிப்புணர்வு வகுப்பு நடந்துச்சு. எங்களால ஏற முடியாது, கீழயும் நடத்துங்கன்னு கேட்டோம். ‘உங்களுக்கு எதுக்குடா இதெல்லாம், போய் கேரம் ஆடுங்க’ன்னு விரட்டினீங்க. இப்ப கூத்தடிக்கிறேங்கிறீங்க. ரெண்டுல எது சார்?”

“வாய் மட்டும் நல்லா நீளுது! இன்னிக்கே ரூமைக் காலி பண்ணு. உங்கப்பாவுக்கு போன் போடறேன்.”

ராக்கெட்டுக்குத் திக்கென்றது. அப்பா வந்தால் பரீட்சையும் போச்சு, பட்டமும் போச்சு. விபத்துக்குப் பிறகு வருஷக் கணக்கில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்த அதே அறைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

“சார், இது நீங்க நினைக்கிறது இல்ல.” காலோரம் தொங்கிய சிறுநீர்ப் பையைக் காட்டினான். “இந்தக் குழாயோட மாட்டுற உறை. என்னால அடக்க முடியாதுன்னு உங்களுக்கே தெரியும்.”

வார்டன் முழித்தார். ஆனால் லேசில் விடுகிற ஆளா அவர்? “சிஸ்டரை வரச் சொல்லு!” என்று வாசலைப் பார்த்துக் கத்தினார்.

விடுதி நர்ஸ் வந்தார். கீழ்த்தளத்துப் பையன்களுக்குத் தானே வகுப்பு எடுப்பதாகச் சொல்லி, “இருக்கிற பசங்களையும் கெடுக்காதீங்க” என்று வார்டனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஆகாது. பாக்கெட்டை எடுத்து இப்படியும் அப்படியும் புரட்டினார்.

“ஆமா சார். மூத்திரப் பைக்கு மாட்டுறதுதான்.”

“அதுல எதுக்கு ஸ்ட்ராபெரி படம்?”

“நாத்தம் தெரியக் கூடாதில்ல சார்.”

வார்டனின் குரல் சட்டென்று குழைந்தது. எழுந்து வந்து ராக்கெட்டின் தலையைத் தடவினார். “முன்னாடியே சொல்லக் கூடாதாடா? உன்னைப் போய் சந்தேகப்பட்டுட்டேன் பாரு. பாவம், நீயெல்லாம் என்ன பண்ணிடப் போற!”

அவர் திட்டியதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. அந்தக் கையைத் தட்டிவிடத் துடித்தது ராக்கெட்டுக்கு. பரீட்சையை நினைத்து ஆத்திரத்தை மென்று விழுங்கினான்.

சிஸ்டர் ராக்கெட்டின் வண்டியை வராண்டாவின் கடைசி வரை தள்ளிக்கொண்டு போனார். யாரும் பின்னால் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, பாக்கெட்டைக் குப்பைத் தொட்டியில் வீசினார். பிறகு ராக்கெட்டின் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார்.

“சீட்டுக்கடியில வெச்சா சூட்டுல காண்டம் கெட்டுடும்னு நம்ம கிளாஸ்ல சொன்னேனா இல்லையா?”