மாப்பிள்ளைத் துப்பாக்கி

“உயிர் இல்லை” என்று கையை விரித்துவிட்டார் பண்டிதர். மேனேஜர் இடிந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மேஜைமேல் கிடந்தது புத்தம்புது வேட்டைத் துப்பாக்கி. பண்டிதர் இப்படி மரணச் செய்தி சொல்வது இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையே மேனேஜர் விட்டுவிட்டார்.

வேட்டைத் துப்பாக்கி சேகரிப்போர் சங்கத்துக்குப் பண்டிதர்தான் தலைவர். வாழ்நாளில் ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. ஆனால் துப்பாக்கியைப் பற்றித் தலையணை தலையணையாகப் புத்தகம் எழுதியவர். அவர் சரி என்று சொன்னால் சங்கமே மொத்தமாக வாங்கும். இல்லையென்றால் மாதக் கடைசியில் ஃபேக்டரிக்குப் பூட்டு.

“கை பிடிக்கிற இடத்தைப் பாருங்க சார். பழைய பட்டறைத் துப்பாக்கியில, கட்டையில குறுக்கும் நெடுக்குமா கோடு செதுக்கியிருப்பாங்க. ஒவ்வொரு கோடும் இத்துனூண்டு இடப்பக்கம் சாயும். ஏன் சாயுது?”

மேனேஜருக்கு அது மனப்பாடம். பண்டிதர் அதற்கென்றே ஒரு அத்தியாயம் எழுதியிருந்தார். வேடனின் இதயம் இடப்பக்கம் இருப்பதால் கோடும் அந்தப் பக்கம் சாய்கிறதாம்!

“நாங்களும் சாய்ச்சிருக்கோமே சார். கம்ப்யூட்டர்ல அளந்து, அச்சு அசலா...”

“அதான் கோளாறே! எல்லாத்துலயும் ஒரே சாய்வு, பொணம் மாதிரி விறைச்சுக்கிட்டுக் கிடக்கு. அப்பல்லாம் ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. நீங்க வந்தீங்க, எல்லாம் போச்சு.”

மேனேஜருக்குச் சுருக்கென்று தைத்தது. ஃபேக்டரி மாமனாருடையது. மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு சாவியையும் கொடுத்திருந்தார்.

மாப்பிள்ளை செய்த பாவமெல்லாம் இவ்வளவுதான். இருட்டுப் பட்டறைக்கு ட்யூப்லைட் போட்டார், கழிப்பறை கட்டினார். மாமனாரிலிருந்து வாட்ச்மேன்வரை எல்லாரையும் டாக்டரிடம் அனுப்பிப் பல், கண், ரத்தம் என்று ஒன்று விடாமல் பார்க்க வைத்தார். கோடு செதுக்கிக்கொண்டிருந்த மாமனார், “இப்பல்லாம் முன்ன மாதிரி வரமாட்டேங்குது மாப்பிள்ளை” என்று உளியைக் கீழே வைத்த பிறகுதான் மாப்பிள்ளை கோடு போடும் மெஷினே வாங்கினார்.

மாப்பிள்ளை வந்த வருஷத்துக்கு முன்னால் செய்த துப்பாக்கிக்குச் சங்கத்தில் அடிதடி. பின்னால் செய்ததற்கு “மாப்பிள்ளைத் துப்பாக்கி” என்று பெயர் வைத்து நக்கல்.

போன் அடித்தது. மனைவி.

“அப்பாவைக் கூப்பிட்டா உங்க கிரீடம் கழண்டு விழுந்துடுமா? ரோஷத்தை மூட்டை கட்டி வச்சுட்டு வண்டியை அனுப்புங்க!”

மாமனார் வந்தார். கோடு போடாத கட்டை ஒன்றையும் பழைய உளியையும் எடுத்துக்கொண்டார்.

“கதவைச் சாத்திக்கிறேன். யாரும் எட்டிப் பாக்கக் கூடாது.”

“தவம்!” என்று பண்டிதர் புல்லரித்துப்போனார். அந்தப் பரவசத்திலேயே வயிறு முட்டச் சாப்பிட்டு, சோபாவில் குறட்டைவிட்டும் எழுந்தார். மேனேஜர்தான் சாத்திய கதவையே சுற்றிச் சுற்றி வந்தார்.

சாயங்காலம் கதவு திறந்தது. வெளியே வந்த மாமனார் கதவு நிலையில் தோளை நங்கென்று இடித்துக்கொண்டார்.

“இன்னும் கலையில இருந்து வெளிய வரலை பாருங்க” என்று பண்டிதர் கிசுகிசுத்தார்.

கட்டையை வாங்கித் தடவினார். கண் கலங்கியது.

“உயிர்! உயிர் துடிக்குது சார்! உங்க மாமனார் கையால செதுக்குறதா இருந்தா மொத்த ஆர்டரும் உங்களுக்குத்தான்!”

அவர் கார் வாசலைத் தாண்டியதும் மேனேஜர் மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டார். ஃபேக்டரி பிழைத்த சந்தோஷத்தைவிட, இத்தனை வருஷமாக வாங்கிய திட்டுதான் முதலில் வாயில் வந்தது.

“மாமா, நான் வந்துதான் எல்லாம் கெட்டுச்சுன்னு ஊரே என்னைக் கரிச்சுக் கொட்டுது. அப்படி நான் என்னதான் பண்ணிட்டேன்? அந்தச் சாய்வு எப்படி வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“நீங்க யாரும் கேக்கவே இல்லையே!”

சட்டைப் பையைத் துழாவிக்கொண்டே மாமனார் அசடு வழிந்தார்.

“நீங்க வாங்கிக் குடுத்த கண்ணாடியைப் போட்டா, கோடு நேரா வந்துடுது மாப்பிள்ளை.”