கன்னத்துக்கு நேரே

இன்றைக்கு இது நான்காவது வீடு. முழங்கால் இரண்டும் கெஞ்சின. காலையில் சரியாக மழிக்காத கன்னம் வேறு அரித்தது.

மேசைமேல் படுக்க வைத்திருந்தார்கள், அந்தப் பழைய அமெரிக்கச் சுவர்க் கடிகாரத்தை. மேலே முள்ளும் எண்களும். கீழே, அதன் கதவில் பாதிக்கும் அதிகமாக முகம் பார்க்கும் கண்ணாடி.

பழம்பொருளுக்கு விலை மதிப்பிட யாரும் சும்மா என்னைக் கூப்பிடுவதில்லை. எதையாவது நம்பிக்கொண்டுதான் கூப்பிடுகிறார்கள். இந்த வீட்டு நம்பிக்கை உள்ளறையில் படுத்திருந்தது. கடிகாரம் விற்கும் பணத்தில் அம்மாவின் இடுப்பு ஆபரேஷன்.

மரம் அசல் என்றேன். பித்தளைச் சக்கரங்கள் அசல் என்றேன். மகளின் முகம் மலர்ந்துகொண்டே போனது. பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

கண்ணாடிக்கு எதிரே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தேன். அந்தக் காலத்துப் பாதரசக் கண்ணாடி என்றால் தாள் லேசாகச் சாம்பல் பூத்துத் தெரியும். இதில் பளிச்சென்று தெரிந்தது.

கண்ணாடி பிற்பாடு மாற்றியது, பாதி விலைதான் தேறும் என்று சொன்னேன். இந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

"நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப அப்பா ரிப்பேருக்குக் குடுத்தாரு சார். பழைய கண்ணாடியில என் கன்னத்துக்கு நேரா ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். அம்மா அத என் மச்சம்னு கிண்டல் பண்ணுவாங்க. யாரு மாத்துனான்னு கண்டுபிடிக்க முடியுமா?"

முடியும். பழுது பார்ப்பவர்கள் பின்பலகையின் உட்புறம் தேதியையும் செய்த வேலையையும் பென்சிலால் எழுதிக் கையெழுத்துப் போடுவது வழக்கம்; முன்பு நானும் அந்தத் தொழிலில் இருந்தவன்தான்.

கதவைத் திறந்து டார்ச் அடித்தேன். நான்கைந்து பேர் எழுதியிருந்தார்கள். கடைசி வரி, இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய தேதியில்: 'பழைய கண்ணாடி உதவாது. புதியது போடப்பட்டது.' கீழே, வாலை நீட்டி இழுத்த ஒரு கையெழுத்து.

கதவைச் சாத்தினேன்.

"எல்லாம் அழிஞ்சு போச்சும்மா. படிக்க முடியல."

பலகைக்குள் எழுதிய பென்சில் அப்படி அழியாது. இன்னும் நல்ல பொய்யாகச் சொல்லியிருக்கலாம். அதற்குக்கூடத் தெம்பில்லை.

உள்ளறையில் அம்மா புரண்டு படுக்க முயன்று முனகினார். மகள் அவரைப் போய்ப் பார்த்துவிட்டு, எனக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். களைத்துப் போயிருக்கிறீர்கள் என்றாள். நான் கூனிக்குறுகிப் போனேன்.

தண்ணீரைக் குடித்துவிட்டுக் கன்னத்தைத் தடவினேன். காசளவுக்கு முடி விட்டுப்போயிருந்தது. இருபத்தெட்டு வருஷமாக அதே இடத்தில்தான் விட்டுப்போகிறது.

என் குளியலறைக் கண்ணாடியில், அங்கே ஒரு கறுப்புப் புள்ளி.