சந்தனமாரியின் நடை

விமானப்படையின் பயிற்சித் திடலில் ஆறு வருஷமாகச் சந்தனமாரிக்கு எதிரி வேலை. பொட்டலில் அவள் ஓட வேண்டும். ஆளில்லா விமானங்கள் தேடிப்பிடித்து அவள் முதுகில் சிவப்புச் சாயம் பீய்ச்ச வேண்டும். இன்று முக்காடு போட்டு, கூட்டத்தோடு கூட்டமாக நடந்தும் தப்ப முடியவில்லை.

"முகமே வேண்டாம்க்கா," என்றான் பொறியாளன் தாவீது. "வலது பாதத்தை உள்பக்கமாத் திருப்பி வைக்கிறீங்கல்ல, அந்த நடை போதும். எதிரின்னா அதுக்கு அதுதான். இன்னிலேருந்து விமானம் ஊருக்கு மேலயும் நிஜக் குண்டோட ரோந்து போகுது. கையில இந்த வளையம் இருந்தா உங்கள ஒண்ணும் செய்யாது. கழட்டிராதீங்க."

பெருமையாகத்தான் இருந்தது.

சாயங்காலம் வாசலில் நின்றாள். தெருக்கோடியில் பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து மகள் இறங்கி நடந்து வந்தாள். பக்கத்து வீட்டு ரோசம்மா சிரித்தாள்.

"ஒம் மக நடையப் பாரேன். அச்சு அசல் நீயேதான்!"

மேலே இரைச்சல் கேட்டது.

சந்தனமாரி வளையத்தைப் பிடுங்கிக்கொண்டே ஓடினாள். "நடக்காத கண்ணு! அப்படியே உக்காந்துரு!"

இரைச்சலில் 'கண்ணு' மட்டும்தான் காதில் விழுந்திருக்க வேண்டும். வலது பாதத்தை உள்பக்கமாகத் திருப்பித் திருப்பி வைத்து, மகள் அம்மாவை நோக்கி ஓடிவந்தாள்.