சிமிழின் உள்பக்கம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் கணவர் சிகாமணிக்குப் பிடித்த பைத்தியம், மரச் சிமிழ் கடைவது. கடைந்தால் போதாதா? சுண்டுவிரல் மட்டுமே நுழைகிற அந்தப் பொந்துக்குள் துணி சுற்றிய விரலை விட்டு நாள் முழுக்கத் தேய்ப்பார். அடியில் தன் முகம் தெரிந்தால்தான் நிறுத்துவார். அப்படி என்ன பேரழகோ. அலமாரி நிறையச் சிமிழ்கள். ஒன்றிலும் ஒரு கடுகுகூடக் கிடையாது.

எங்கள் மகள் இளவேணி இறந்தபோது, ஆஸ்பத்திரியில் அவள் மூக்குத்தியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். "இதை வைக்க ஒரு சிமிழ் குடுங்க" என்று வீட்டுக்கு வந்ததும் அவரிடம் கேட்டேன்.

"திருகாணி பட்டா உள்ள கீறல் விழுந்துரும். வேற எதுலயாவது வை" என்றார். அது இன்னும் அந்தக் காகிதத்திலேயே இருக்கிறது.

போன வாரம் அவருக்குச் சிறுநீரகக் கல் வெளியே வந்தது. மிளகளவுதான். அதைக் கழுவித் துடைத்து, இருப்பதிலேயே பளபளப்பான சிமிழில் பஞ்சு விரித்துப் படுக்க வைத்தார். நலம் விசாரிக்க வருகிறவர்களுக்கெல்லாம் திறந்து காட்டுகிறார். "பிரசவ வலியெல்லாம் இதுக்கு முன்னால ஒண்ணுமே இல்லையாம். டாக்டரே சொன்னாரு." காபி கொண்டுவந்த என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

இன்று மத்தியானம் அவர் சாப்பிட்டுப் படுத்ததும் அந்தக் கல்லை எடுத்தேன். சின்னதானாலும் முள் முள்ளாக, நல்ல கூர். அலமாரியில் முதலில் இருந்த சிமிழைத் திறந்து, கல்லை உள்ளே போட்டு, சுண்டுவிரலால் அழுத்திச் சுற்றினேன். பிறகு அடுத்ததைத் திறந்தேன்.

"என்னடி சத்தம் அங்க?" என்று படுத்தபடியே கேட்டார்.

"பாலிஷ் போடுறேன். நீங்க தூங்குங்க."